ஒன்பது மணி போணி

பிப்ரவரி 17, திங்கள்

நூல் மில்காரர்கள் வருஷா வருஷம் கொடுக்கும் டைரி. இதுவரை லாரி நம்பரும் தறிக்காரர் நம்பரும்தான் எழுதியிருக்கிறேன். இன்று கோபத்தில் எழுதுகிறேன்.

பில்லிங் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு மூன்றாவது போன். நான் கேட்டது ஒன்றுதான்: இரண்டு கடையிலும் தனித்தனியாக மாதத்துக்கு எத்தனை பீஸ் போகிறது? புது ரிப்போர்ட் என்றால் ஒரு வாரம் ஆகுமாம், தனி சார்ஜாம். என் டெய்லர் ஒரு வாரத்தில் ஆயிரம் நைட்டி தைத்துக் கொடுக்கிறார். இவர்களுக்கு ஒரு தாள் தைக்க ஒரு வாரம்.

எனக்கு அவ்வளவு நாள் இல்லை. பஸ் ஸ்டாண்டு கடையின் கட்டட ஓனர் வாடகையை ஏற்றிவிட்டார். மார்ச் 31க்குள் ஆம், இல்லை சொல்ல வேண்டும். இல்லையென்றால் செல்போன் கடைக்காரன் காத்திருக்கிறான். புது வாடகைக்கு அந்தக் கடையில் மாதம் ஆயிரத்து அறுநூறு பீஸ் போனால்தான் கட்டும். அது மட்டும் மனக்கணக்கிலேயே தெரிகிறது.

இரண்டு பையில் நைட்டி தூக்கிக்கொண்டு ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு வீடாக விற்றவள் நான். இன்று ஜவுளிச் சந்தைப் பக்கம் மொத்த விற்பனைக்குப் பெரிய கடை, அது என் பொறுப்பு. பஸ் ஸ்டாண்டு அருகே சில்லறைக்குச் சின்னக் கடை, அது நம்மவர் பொறுப்பு, என் வீட்டுக்காரர் சென்னியப்பன். என்னைக் கேட்டால் சின்னக் கடையை மூடலாம். மூடினால் அவருக்கு இங்கே என் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுவிடலாம். பேக்கிங் ஆள் சம்பளமும் மிச்சம்.

ஆனால் தோன்றுவதை வைத்து அவரிடம் பேச முடியாது. எதிர்த்துப் பேசமாட்டார், சிரிப்பார். சிரிப்புக்குப் பதில் சொல்ல நம்பர் வேண்டும்.

பிப்ரவரி 19, புதன்

காலை 9 மணி, இங்கே நம்மவர் கையால் போணி. கேரளா பார்சல் நான்கு, அவரையே லாரி ஆபீஸுக்கு அனுப்பினேன்.

சாஃப்ட்வேர் கம்பெனியில் சுபைதா என்று ஒரு பெண் கிடைத்தாள். கோயமுத்தூரில் இருந்து பேசுகிறாள். நான் கத்தினதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், ரிப்போர்ட்டுக்கு எதுக்குக் காத்திருக்கீங்க? கேள்வியை நீங்களே எழுதிக் கேளுங்க. நான் விண்டோ திறந்து விடறேன். பார்க்க மட்டும்தான் முடியும், எதுவும் அழியாது" என்றாள்.

"ஏங்கண்ணு, நான் பத்தாவது பெயில்."

"எஸ்க்யூஎல்னு கேள்வி கேக்கற பாஷை, அதுக்கு மார்க் ஷீட் வேண்டாம் மேடம். என்ன வேணும், எங்கிருந்து வேணும். அவ்ளோதான்."

அப்படியானால் எனக்குத் தெரிந்த பாஷைதான். செலக்ட் என்றால் என்ன வேண்டும். ஃப்ரம் என்றால் எந்த ரேக்கில் இருந்து; ரேக்குக்கு அவள் பாஷையில் டேபிள். இடையில் ஒரு வடிகட்டி போடலாம், ஜனவரி மாதம் மட்டும், சின்னக் கடை மட்டும் என்று. சுபைதா அதற்கு வேறு பெயர் சொன்னாள். நான் வடிகட்டி என்றே எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

கேள்வியில் விட்டுப்போன ஒரு கமாவைத் தேடி முக்கால் மணி நேரம்.

பிப்ரவரி 22, சனி

போணி ஆனது. பெட்ஷீட் மூட்டை வந்திருப்பதை எண்ணி எடுக்க நம்மவரை நிறுத்திக்கொண்டேன்.

இன்று குரூப் பை. சுபைதா ஏதேதோ சொன்னாள், புரியவில்லை. "கண்ணு, மூட்டையை அவுத்து எம், எல், எக்ஸ்எல்னு தனித்தனியாகக் குமிச்சு, அப்புறம் ஒவ்வொரு குவியலையும் எண்ணுவோமே, அதா?" என்றேன். "மேடம், காலேஜ்ல எனக்கு இதைப் புரிய வைக்க ஒரு செமஸ்டர் ஆச்சு" என்றாள். ஆகாதா பின்னே. அவர்கள் யாரும் மூட்டை பிரித்திருக்கமாட்டார்கள்.

சம் கூட்டும். ஏவரேஜ் சராசரி. கவுண்ட் எண்ணும். கவுண்ட்டில் ஒரு சூட்சுமம்: நட்சத்திரம் போட்டால் எல்லா பில்லையும் எண்ணும். 'வாடிக்கையாளர் பெயர்' என்று போட்டால் பெயர் எழுதின பில்லை மட்டும் எண்ணும். பரீட்சை பார்த்தேன். பெரிய கடை ஜனவரியில் பில் 412, பெயர் 412. மொத்த வியாபாரிக்குப் பெயரில்லாமல் பில் போடமாட்டோம். சின்னக் கடை பில் 903, பெயர் பூஜ்யம். பஸ் ஏறப் போகிறவளிடம் யார் பெயர் கேட்கிறார்கள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

சந்தை நாள். டைரிக்கு நேரமில்லை. நம்மவர் போணி போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு, பேங்க்குக்குப் போய்விட்டு அப்படியே சின்னக் கடைக்குப் போனார்.

பிப்ரவரி 27, வியாழன்

நம்பர் வந்துவிட்டது! பில் இருக்கும் டேபிளையும் பில்லுக்குள் இருக்கும் சைஸ் டேபிளையும் ஜாயின் போட்டு, மொத்தப் பீஸைக் கூட்டினேன். ஜனவரி மாதம் பெரிய கடை 51,312. சின்னக் கடை 1,274.

பிரிண்ட் எடுத்தேன். பெரிய எழுத்தில். நம்மவரிடம் நீட்டினேன். வழக்கம்போல் தேங்காய் பன்னைப் பிய்த்து, தேங்காய் இருக்கும் நடுப்பாகத்தை எனக்கு வைத்துவிட்டு, ஓரத்தை வாயில் போட்டபடியே படித்தார்.

"அம்மிணி."

"சொல்லுங்க."

"ஈரோட்டுல இத்தனை பொம்பளைங்க இருக்காங்களா?"

சிரிக்கட்டும். சுவரில் ஒட்டிவிட்டேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

குடோனில் ரேக் தட்டும்போது திக்கென்றது. மேல்கூரை வரை அடுக்கினாலும் இந்தக் குடோன் பதினைந்தாயிரம்தான் பிடிக்கும். மாதம் ஒருமுறைதான் நிரப்புகிறேன். ஐம்பத்தோராயிரம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போனது?

சுபைதாவைக் கூப்பிட்டேன். கேள்வியைப் படித்துக் காட்டியதும் கண்டுபிடித்துவிட்டாள். பாலக்காட்டுக்காரருக்கு இருபத்து நான்கு பீஸ் பில். உள்ளே ஆறு சைஸ், ஆறு லைன். ஜாயின் போட்டதும் அந்த இருபத்து நான்கு ஒவ்வொரு லைனுக்கும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் ஆறு தடவை கூட்டிவிட்டேன். சின்னக் கடையில் ஒரு பில்லுக்கு ஒன்றோ இரண்டோ நைட்டி, பெரும்பாலும் ஒரே லைன். அங்கே தப்பு நடக்க அதிக இடமில்லை.

"எல்லாரும் பண்ற தப்புதான் மேடம்."

எல்லாரும் பண்ணட்டும். என் தப்பு மட்டும் எனக்குச் சாதகமாகவே வந்திருக்கிறது, அதுதான் இடிக்கிறது.

சரியான நம்பர்: பெரிய கடை 9,640. சின்னக் கடை 1,180. சுவரில் இருந்த தாளைக் கிழித்தேன். பிசின் நன்றாகப் பிடித்துவிட்டது, '51' மட்டும் வரவில்லை.

மார்ச் 3, திங்கள்

சரியான நம்பரிலும் சின்னக் கடைக்கு 420 பீஸ் குறை. மூடத்தான் வேண்டும்.

நம்மவரிடம் சொன்னேன். பன்னைக் கீழே வைத்தார்.

"பில்லு எத்தனைன்னு பார்த்தியா?"

"903."

"உனக்கு?"

"412. அதுக்கென்னங்க இப்ப? நானூறு பேரு மூட்டை மூட்டையா எடுத்துட்டுப் போறாங்க. உங்க தொள்ளாயிரம் பேரு ஆளுக்கு ஒண்ணு, ரெண்டு."

"அந்தத் தொள்ளாயிரம் பேரு மூஞ்சியும் தெரியும் எனக்கு" என்றார். அவ்வளவுதான். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூஞ்சியை எந்தக் கட்டத்தில் போட்டு எப்படிக் கூட்டுவது.

அவர் போன பிறகுதான் பார்த்தேன், லாரி ரசீதை எடுத்துக்கொள்ளவில்லை. ஆள் விட்டுத் திருப்பிக் கூப்பிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

பிடித்துவிட்டேன்!

பில் போட்ட மணிவாரியாகக் குரூப் போட்டேன். பெரிய கடை ஒன்பது, பத்து, பதினொன்று என்று வரிசையாக வந்தது. சின்னக் கடை பதினொன்றில்தான் ஆரம்பிக்கிறது. பூஜ்யம் என்றுகூடக் காட்டவில்லை, ஒன்பதும் பத்தும் இல்லவே இல்லை. கம்ப்யூட்டர் கோளாறு என்று சுபைதாவிடம் சண்டைக்குப் போனேன்.

"கோளாறு இல்ல மேடம். இருக்கிற பில்லைத்தானே அது குவிக்கும்? நடக்காத வியாபாரத்துக்கு லைன் வராது."

ஜனவரி முப்பத்தொரு நாளில் ஒரு நாள்கூடப் பதினொன்றுக்கு முன்னால் ஒரு பில் இல்லை! உடனே சின்னக் கடைக்குப் போன்.

"ஏனுங்க, ஒம்பதுல இருந்து பதினொண்ணு வரைக்கும் என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

"உனக்குத் தெரியாதா அம்மிணி?"

"தெரிஞ்சா எதுக்குக் கேக்கறேன்?"

"சரி. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு என்னைப் பார்த்தீன்னா நேர்லயே கேளு."

வைத்துவிட்டார். இதில் என்ன சிரிப்பு?

மார்ச் 7, வெள்ளி

காலை ஒன்பது மணி. என் எதிரே நின்று பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்கவில்லை.

மார்ச் 8, சனி

எழுதித்தான் ஆக வேண்டும்.

பெரிய கடை திறந்த முதல் நாள் முதல் பில் அவர் கையால் போட்டது. முந்நூறு பீஸ், ஒரே ஆள். அன்றிலிருந்து பத்தொன்பது வருஷமாக இந்தக் கடையில் போணி அவர் கைதான். கைராசி. நான்தான் போட்ட சட்டம். போணி போட்டதும் ஒரு டீ. டீ முடிந்ததும் பார்சல், பேங்க், பெட்ஷீட் எண்ணுவது என்று ஏதாவது ஒன்று. அதுவும் நான் கொடுப்பதுதான். சின்னக் கடை ஷட்டர் சாவி முதலாளி கையை விட்டுப் போகக்கூடாது. அதுவும் என் சட்டம்.

இன்று காலை அவரிடம் சொல்லாமல் ஆட்டோ பிடித்து எட்டரைக்குச் சின்னக் கடைக்குப் போனேன். வேலை செய்யும் தங்கமணி படிக்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கீரையோடு எழுந்தாள்.

"தினமும் இப்படித்தானா?"

"எட்டேகால் பஸ்ஸு விட்டா எனக்கு அடுத்தது இல்லீங்களேக்கா. கீரை, பூ கட்டறது, ஏதாவது பாத்துக்குவேனுங்க."

நானும் படியில் உட்கார்ந்தேன். ஊர்ப் பக்கத்து முதல் பஸ்கள் வந்து இறங்கின. ஒரு மணி நேரத்தில் பதினொரு பேர் ஷட்டரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். விரல் விட்டு எண்ணினேன். இதற்கு எந்த டேபிளிலும் லைன் கிடையாது. கடைசியில் ஒயர் கூடையோடு ஒரு பெரியவர் வந்தார்.

"ஏனம்மா, கடை எப்பத் தொறப்பாங்க?"

"பதினொண்ணாகுங்க" என்றாள் தங்கமணி, என்னைப் பார்க்காமல்.

"பொண்ண பிரசவத்துக்குச் சேத்திருக்கறேனுங்க. ஜிப்பு வெச்ச நைட்டி ரெண்டு உடனே வேணும்னாங்க நர்சம்மா. இங்க கிடைக்கும்னு பஸ்ஸுல சொன்னாங்க."

உள்ளே அந்த ரகம் இருநூறு பீஸ் இருக்கிறது. ஓனரம்மா படியில். சாவி ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, போணிக்கு நான் ஏன் இன்னும் வரவில்லை என்று காத்துக்கொண்டிருக்கிறது. பெரியவரை அடுத்த தெருவில் எதிரிக் கடைக்கு நானே கூட்டிப்போய் நானே சைஸ் சொல்லி வாங்கிக் கொடுத்தேன். எதிரிக் கடைக்காரர் எனக்குக் காபி சொன்னார். என் வாழ்க்கையில் இப்படி ஒரு காபி குடித்ததில்லை.

சாயங்காலம் நம்மவரிடம் சொன்னேன். "திங்கக்கிழமையில இருந்து போணிக்கு வர வேண்டாம். நேரா எட்டு மணிக்குச் சின்னக் கடையைத் தொறந்துருங்க. மூணு வாரம் பாக்கலாம்."

"கைராசி?"

"அதுக்கும் மூணு வாரம் லீவு."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "சரி" என்றார்.

மார்ச் 10, திங்கள்

போணி நானே போட்டேன். பாவாடை இரண்டு டஜன். ஒன்றும் இடிந்து விழவில்லை.

பழக்கத்தில் தேங்காய் பன் வாங்கிவிட்டேன். நடுவைத் தின்றேன். ஓரம் மீந்தது.

மார்ச் 11, செவ்வாய்

சந்தை. நல்ல கூட்டம். ஓரம் மீந்தது.

மார்ச் 13, வியாழன்

பன் வாங்கவில்லை. இந்த டீக்கடைக்காரன் இப்போதெல்லாம் டீயைச் சரியாகப் போடுவதில்லை.

மார்ச் 15, சனி

பாலக்காட்டுக்காரர் வந்தார். "சார் இல்லையா? சார் கையில பில் வாங்கினா சரக்கு சட்டுனு போவும்" என்று முகத்தைத் தொங்கப்போட்டார். "சாருக்கு லீவு. என் கையில வாங்கினா மெதுவா, ஆனா நல்லாப் போவும்" என்றேன். நாற்பது பீஸ் கூடத்தான் எடுத்தார்.

மார்ச் 19, புதன்

பத்து மணிக்கு நம்மவர் போன். என்னவோ என்று ஓடிவந்து எடுத்தேன்.

"அம்மிணி, ஜிப்பு வெச்சது எக்ஸ்எல் தீந்துபோச்சு. அம்பது அனுப்பு."

"அதுக்குத்தானா? சரி. டீ குடிச்சீங்களா?"

"தங்கமணி கம்மங்கூழ் கொண்டாந்திருந்தா."

கூழாம். நன்றாக இருக்கட்டும். அறுபது அனுப்பினேன்.

மார்ச் 22, சனி

சின்னக் கடை ரிப்போர்ட்டை நடுவில் பார்க்கக்கூடாது என்று எனக்கு நானே கட்டுப்பாடு. பானையைத் திறந்து திறந்து பார்த்தால் சோறு வேகாது என்று சுபைதாவிடம் சொன்னேன். "பார்த்தா டேட்டா ஒண்ணும் ஆகாது மேடம்" என்றாள். அவளுக்குச் சமைக்கத் தெரியாது போல.

உண்மையில் குறைவாக வந்தால் என்ன செய்வது என்று பயம். அதிகமாக வந்தால் அவர் அங்கேயே இருந்துவிடுவார். அதுவும் எழுதத் தோன்றியது, எழுதிவிட்டேன்.

மார்ச் 29, சனி

மூன்று வாரம், பதினெட்டு நாள். கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேள்வியை ஓட்டினேன்.

பெரிய கடை: பழைய சராசரி நாளுக்கு 371 பீஸ். போணி என் கையால் போட்ட நாட்களில் 373. பத்தொன்பது வருஷக் கைராசியின் மதிப்பு கழித்தல் இரண்டு நைட்டி.

சின்னக் கடை: பழைய சராசரி 45. இப்போது 67. புது வாடகைக்கு 62 போதும். எட்டு, ஒன்பது, பத்து மணிகளுக்கும் லைன் வந்துவிட்டது. ஒன்பதுதான் எல்லாவற்றிலும் உயரம். எனக்குக் கண் கொஞ்சம் எரிந்தது. ஸ்கிரீன் வெளிச்சம்.

சந்தேகப் பிராணி ஆயிற்றே. தப்பு எங்காவது எனக்குச் சாதகமாக ஒளிந்திருக்கிறதா என்று பழைய கேள்விகளை எல்லாம் ஒருமுறை ஓட்டினேன். சின்னக் கடை, கவுண்ட் நட்சத்திரம்: 921 பில். கவுண்ட் வாடிக்கையாளர் பெயர்: 18.

பதினெட்டு? அங்கே பெயர் எழுதும் வழக்கமே கிடையாதே. யார் அது? வடிகட்டி போட்டு அந்தப் பதினெட்டை மட்டும் எடுத்தேன்.

ஒவ்வொரு நாளும் ஒன்று. ஒவ்வொன்றும் அன்றைய முதல் பில். மணி எட்டு மூன்று, எட்டு ஐந்து, எட்டு இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரே சரக்கு: கர்சீப், ஒன்று.

வாடிக்கையாளர் பெயர்: கோகிலவாணி.

நான்தான்.

போன் செய்தேன்.

"ஏனுங்க, என் பேர்ல யாருங்க கர்சீப் வாங்கறது?"

அந்தப் பக்கம் கடைச் சத்தம். யாரோ எல் சைஸ் கேட்கிறாள். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

"அதையும் கண்டுபிடிச்சிட்டியா? உன் கடைக்கு என் கை ராசின்னே. என் கடைக்கு எது ராசின்னு நீ கேக்கவே இல்லையே அம்மிணி."

"கர்சீப் எல்லாம் எங்க?"

"வண்டி டிக்கியில. காசு என் பாக்கெட்டுல இருந்துதான், கவலைப்படாத."

"காசைக் கேட்டனா உங்கள?" என்று கத்தினேன். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மார்ச் 31, திங்கள்

கட்டட ஓனருக்கு ஆம் சொல்லியாயிற்று. அக்ரிமென்ட் நம்மவர் பெயரிலேயே போடச் சொன்னேன். செல்போன் கடைக்காரன் வேறு இடம் பார்க்கட்டும்.

சாவிக்கு இன்னொன்று வெட்டித் தங்கமணியிடம் கொடுத்தேன். முதலாளி கை என்ற சட்டம் ரத்து. அவள் சாவியை முந்தானையில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினாள்.

நம்மவரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். "எட்டுக்குத் தொறங்க. ஒம்பதரைக்குத் தங்கமணிகிட்ட விட்டுட்டு இங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

"போணிக்கா?"

"போணி என் கையிலேயே நல்லாத்தான் போவுது. பன்னு ஓரம் மீந்துபோவுது. தூக்கிப்போட மனசில்ல."

மாதக் கடைசி ரிப்போர்ட்டைப் பார்த்த சுபைதா, "மேடம், அந்த ஒத்தைக் கர்சீப் பில் சின்னக் கடையோட பில் ஏவரேஜைக் கீழ இழுக்குது. ஒரு லைன் சேர்த்தா விலக்கிடலாம், சேர்க்கட்டுமா?" என்றாள்.

"வேண்டாங்கண்ணு. அதுவும் வியாபாரம்தான்."

காலையில் பெரிய கடையைத் திறந்ததும் விளக்கேற்றக்கூட இல்லை, அதே கேள்வியை ஓட்டினேன். எட்டு நான்கு. கவுண்ட் பத்தொன்பது.

பிறகு டீக்கடைக்குச் சொல்லி அனுப்பினேன். டீ இரண்டு, தேங்காய் பன் ஒன்று.